பெண்கள் வாசலில் வயது பார்த்த விதம்

நான் வேலை பார்த்த பட விநியோகக் கம்பெனியின் இளைஞர்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். தணிக்கைச் சான்றிதழில் யு, ஏ என்ற இரண்டுக்கும் நடுவே இப்போது புதிதாக ஒரு பிரிவு வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் யோசித்து அழைத்து வர வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "ஏ படத்துக்கே வாசல்ல யாரும் வயசு கேக்கறதில்ல சார். உங்க காலத்துல எப்படிப் பார்த்தீங்க?"

"கழுத்தைப் பார்த்தோம்" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். வாய்ச்சொல்லாக விளக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

சினிமாத் தொழிலுக்கு வருமுன் சென்னையில் ஒரு தினசரியில் இருந்தேன். முதலில் பிழை திருத்துபவன், பிறகு கோர்ட்டுச் செய்தி எழுதுபவன். பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பதுதான் அங்கே கிடைத்த பயிற்சி. யுத்தம் முடிந்து காகிதத் தட்டுப்பாட்டில் பக்கங்கள் குறைந்தபோது ஆட்களும் குறைந்தார்கள். நான் பட விநியோகக் கம்பெனிக்குப் போனேன்.

படப்பெட்டியுடன் ரயிலில் ஊர் ஊராகப் போகும் கம்பெனி ஆளுக்கு ரெப்ரசென்டேடிவ் என்று பெயர். கொட்டகைகளில் 'ரெப்பு' என்பார்கள். தகர டப்பாக்களில் உள்ள ரீல்கள் வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சான்றிதழில் எழுதிய அடிக்கணக்குக்கும் பெட்டியில் உள்ள படத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். தணிக்கையில் வெட்டச் சொன்ன துண்டு திரும்ப ஒட்டப்பட்டிருந்தால் பொறுப்பு நம்முடையது. வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் கடைசி வரை பார்த்து, ஜனங்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பத்திரிகைக்காரனுக்குப் பொருத்தமான வேலைதான்.

அன்று மாகாணத்துக்கு ஒரு தணிக்கைக் குழு. ஒரு படம் தேறும், அல்லது தேறாது. தேறினால் கைக்குழந்தை முதல் கிழவர் வரை யாரும் பார்க்கலாம். வயது பார்த்துப் படங்களைப் பிரிக்கும் ஏற்பாடு சட்டத்துக்குள் நுழைந்தது நாற்பத்தொன்பதில். நான் சொல்வது அதற்கு முந்திய வருடம்.

எங்கள் முதலாளி வெளிநாட்டில் எடுத்த ஆரோக்கியப் படம் ஒன்றை வாங்கியிருந்தார். உடலுறவால் தொற்றும் மேக நோயைப் பற்றியது. யுத்தத்திலிருந்து திரும்பும் ஒரு சிப்பாய், அவன் மனைவி, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை. கரும்பலகையில் படம் வரைந்து டாக்டர் விளக்குவார். பிரசவம் ஒன்றை மறைக்காமல் காட்டியிருந்தார்கள். நோய் தாயிடமிருந்து குழந்தைக்கு எப்படிப் போகிறது, கண்ணை எப்படிக் கெடுக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்த்து ஊசி போட்டால் எப்படிக் குணமாகிறது என்பதெல்லாம் கடைசி ரீல்களில் வரும். மேலே தமிழில் ஒரு விளக்கக் குரல் சேர்த்திருந்தோம். தணிக்கைக் குழு ஓரிடத்தில் வெட்டச் சொல்லிவிட்டு அனுமதித்தது. கூடவே, பெரியவர்களுக்கு மட்டும் காட்டுவது நல்லது என்று ஒரு குறிப்பு. யோசனைதான், கட்டாயம் இல்லை.

அந்தக் குறிப்பைப் படித்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது. படத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று சுவரொட்டி அச்சிடச் சொன்னார். பிள்ளைகளைக் காக்கச் சொன்ன யோசனை கூட்டம் சேர்க்கும் வாசகமாயிற்று. இந்தத் தொழிலில் நான் முதலில் கூசியது அந்தச் சுவரொட்டியின் பசை ஈரத்தைக் கண்டபோதுதான். ஆனால் அதற்கு அடுத்து வந்தது இதைவிட மோசம்.

படத்தை முதலில் போட்டது திருத்தணியில். கிருத்திகைக் கூட்டம் வரும் ஊர். தமிழும் தெலுங்கும் பேசுபவர்கள் சுற்றுப்பட்டு நெசவுக் கிராமங்களிலிருந்து நடந்தே படம் பார்க்க வருவார்கள். ரயிலடிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஒரு டூரிங் கொட்டகை. ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடி அணைப்பார்கள். ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல், நடுவே ஆள் உயரத்துக்குத் தட்டி.

புது வகைப் படம் என்பதால் எங்கள் கம்பெனி மேனேஜர் சபேசன் தாமே சென்னையிலிருந்து என்னுடன் வந்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் கத்தினாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருப்பார், எதிராளி ஓய்ந்ததும் மாட்டிக்கொண்டு, "சரி, முறை என்ன?" என்று கேட்பார். எதற்கும் ஒரு முறை உண்டு என்பது அவர் நம்பிக்கை. கெட்ட மனிதர் அல்ல. கீழே இருப்பவர்களுக்கு ஜுரம் என்றால் தாமே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

முதல் நாள் வாசலில் வயதைக் கேட்டோம். பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்பது மேனேஜரின் முடிவு. கேட்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே வரிசை நின்றுவிட்டது.

"வயசுங்களா? ஏரி உடைஞ்சுதே, அந்த வருசம் பொறந்தேன்" என்றார் ஒருவர்.

"எந்த ஏரி?"

"எங்க ஊரு ஏரிதாங்க. வேற எந்த ஏரிய சொல்லுவேன்?"

அடுத்தவர், "எங்க நைனாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

"அவரைக் கூப்பிடுங்க."

"மேலருந்து எப்படிங்க கூப்பிடறது? போய் சேந்து எட்டு வருசமாவுது."

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். "வயசு கேக்கறானாம். இன்னா, பொண்ணு குடுக்கப் போறானா?" என்று ஒரு குரல். உள்ளே போட்ட படம் பாதிக் கொட்டகைக்கு ஓடியது, மீதி ஜனம் வெளியே கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "பிறந்த தேதி தெரியாத ஊரில் வயதைக் கேட்பது நம் தப்பு ஐயா. கண்ணால் பார்த்துத் தெரியும்படி ஓர் அடையாளம் வேண்டும். ஆண் என்றால் மீசை. பெண் என்றால் தாலி. கல்யாணம் ஆனவள் பெரியவள். இதில் யாரும் வாதாட முடியாது."

"கல்யாணம் ஆகாத பெரியவர்கள் இருக்க மாட்டார்களா, சார்?"

"இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? முறை என்று வைத்தால் எல்லாருக்கும் ஒன்றுதான். நீர் பத்திரிகையில் இருந்தவர். ஒரே வரியில் எழுதும்."

எழுதினேன். 'மீசை அரும்பிய ஆண்களும் தாலி ஏறிய பெண்களும் மட்டும்.' மேனேஜர் படித்துவிட்டு, "கச்சிதம்" என்றார். ஊர்ப் பெயிண்டர் அதைப் பலகையில் எழுதி, கீழே தெலுங்கிலும் எழுதினார். அந்த வரியில் ஒரு சொல்லும் மிகை இல்லை. பிழை திருத்துபவனாக அதில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. அதைத்தான் இன்று சொல்லக் கூசுகிறது.

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தவள் கன்னியம்மா. நாற்பதைத் தாண்டியவள், உள்ளூர்க்காரி. வருகிற ஒவ்வொருத்தியின் வீடும் வம்சமும் தெரிந்தவள். என்னைப் 'பெட்டிக்கார ஐயா' என்று கூப்பிடுவாள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"நான் டிக்கெட்டு கியிக்கறதா, கயுத்த பாத்துகினு நிக்கறதா? இது இன்னா சினிமாவா, சம்பந்தம் பேசற வூடா?"

"மேனேஜர் உத்தரவு, கன்னியம்மா."

"ஆங், உத்தரவு. அவுரு கயுத்த யாரு பாக்கறது?"

ஆனாலும் பார்த்தாள். பலகை அன்று நன்றாக வேலை செய்தது. வரிசை தடங்கல் இல்லாமல் நகர்ந்தது. பெண்கள் வாசலில் வந்து முந்தானையைச் சற்று விலக்கிக் கயிற்றை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டே காட்டினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களை நான் விரட்டினேன். எனக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, ஆனால் டிக்கெட்டைக் கவனிப்பது என் வேலை.

மாமியாருடன் ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று இருக்கும். புதுத் தாலி பளிச்சென்று இருந்தது.

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னும் வயசுக்கே வர்ல. தாலி மட்டும் வந்துகீது. வுடறதா?"

பலகை விடச் சொன்னது. விட்டோம். பிரசவக் காட்சியில் அந்தப் பெண் வீறிட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்து, மின்சாரம் எடுக்கும் எஞ்சின் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். மாமியார் பின்னாலேயே வந்து, டிக்கெட் வீணானதற்குத் திட்டினாள். மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னிடம், "முறைப்படிதானே உள்ளே போனாள்" என்றார். தமக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

அதே காட்சிக்குத்தான் தனபாக்கியம் என்ற பெண் முதல் தடவை வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒரு வயது இருக்கும். குழந்தையின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாயின் தோளில் முகத்தைப் புதைத்தது. அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை.

"நீ எங்கடி இங்க?" என்றாள் கன்னியம்மா, குரலைத் தாழ்த்தி.

"படம் பாக்கணும்க்கா."

"கயுத்த பாத்து வுட சொல்லிகிறாங்கடி."

தனபாக்கியம் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் என்பது அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். புருஷன் இறந்தவள் என்று கன்னியம்மா என் காதில் சொல்ல, நான் மேனேஜரிடம் போனேன்.

"விதவை, சார். இருபதுக்கு மேல் இருக்கும்."

"யார் சொன்னது?"

"கன்னியம்மாவுக்குத் தெரியும்."

"கன்னியம்மா கொட்டகையில் சம்பளம் வாங்குகிறவள். அவள் பேச்சைக் கேட்டு ஒருத்தியை விட்டால், தாலி இல்லாத எல்லாரும் விதவை என்பார்கள்." சற்று யோசித்தார். "கிராம முன்சீப் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொண்டுவரச் சொல்லும். நாளைக்கு விடலாம்."

நான் அதைப் போய்ச் சொன்னேன். தனபாக்கியம் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அவுரு எங்க மாமியா வூட்டுக்கு ஒறவு முறைங்க, கேட்டா வூட்ல தெரிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையில் இருந்த எல்லாரையும் கடந்து திரும்பிப் போனாள்.

கூட்டம் உள்ளே போனதும் கன்னியம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். தனபாக்கியத்தின் புருஷன் நெசவுக் குடும்பத்துப் பையன். பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் போய் வந்தவன். திரும்பி வந்து சில காலம் தறியில் உட்கார்ந்தான். போன வருடம் இறந்துபோனான்.

"காய்ச்சல்னு சொல்லிகினு கீறாங்க வூட்ல. ஊருக்கே தெரியும், அது மேகம்னு. இப்ப கொயந்தைக்கு கண்ணு கூசுது. அது அப்பன் சீக்கா, வேறயான்னு அவுளுக்குத் தெரியணும். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா, போனா எங்க மானம் போயிடும்ன்றாங்க. சினிமாவுல அதையே காட்டறாங்கன்னு எவளோ சொல்லிகிறா. அதான் வந்தா. வேடிக்க பாக்கவா வந்தா?"

மறுநாள் காலை இதையும் மேனேஜரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அப்படியானால் அவள் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. சினிமாக் கொட்டகைக்கு இல்லையே" என்றார். அது சரியான வாதம். சரியான வாதங்களுக்குப் பதில் தேடும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. 

அந்த வாரம் முழுவதும் பெண்கள் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. காரணம் மலையடிவாரத்துப் பூஜைச் சாமான் கடையில் நின்றபோது தெரிந்தது. மஞ்சள் கயிற்றைக் கேட்டுப் பாவாடை தாவணிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"வேண்டுதலா?" என்றேன் கடைக்காரரிடம்.

"ஆமாங்க, சினிமா சாமிக்கு" என்றார் அவர். "கயித்துல ஒரு மஞ்சக் கெயங்கு துண்ட கட்டி, அம்மா பொடவைய சுத்திகினு வந்தா வுட்டுடறாங்களாமே? உங்க புண்ணியத்துல எனுக்கு சரக்கு பத்தல."

கன்னியம்மாவுக்கு இது முன்னமே தெரியும். "நீங்க கயுத்தத்தான் பாக்க சொன்னீங்க. கயுத்து சரியா கீது, வுட்டேன்" என்றாள். ஆண்கள் வாசலில் மீசை வரைந்துகொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். வேர்வையில் கரைந்தவர்களை மட்டும் திருப்பி அனுப்பினோம். ஆகக்கூடி, யாரை விடக் கூடாது என்று பலகை வைத்தோமோ அவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை.

கடைசி நாள் முதல் காட்சிக்கு அவள் வந்தாள். குழந்தை இடுப்பில். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

விதவைக்கு அது என்ன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெண்கள் விளையாட்டாகக் கட்டிக்கொண்டதை, இறந்தவனின் ஊரில், இறந்தவனின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கன்னியம்மா அவளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.  டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"ஓரமா ஒக்காரு. முந்தானைய இயுத்து போத்திக்க" என்றாள்.

முதல் ரீல்கள் ஓடின. சிப்பாய் ஊர் திரும்பினான். மனைவி கர்ப்பமானாள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள். கூசிய கண்ணோடு குழந்தை அழத் தொடங்கியது. தனபாக்கியம் அதைத் தோளில் மாற்றிப் போட்டபோது முந்தானை நழுவியது.

முன் வரிசையில் திரும்பிப் பார்த்த ஒரு பெண் எழுந்து நின்றாள். கோவிந்தம்மா, இறந்தவனின் அக்கா. தனபாக்கியத்துக்கு நாத்தனார்.

"எங்க தம்பி பொண்டாட்டி தானே நீ? கயுத்துல இன்னாடி அது?"

தனபாக்கியம் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"அவன் செத்து தெவசம் கூட இன்னும் குடுக்கல. எவன்டி கட்னான்?"

பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். தட்டிக்கு மேலே ஆண்களின் தலைகள் முளைத்தன. "லைட்ட அணைங்கப்பா" என்று ஒருவன் கத்த, "இரு இரு, இந்தப் படம்தான் நல்லாகீது" என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது. கோவிந்தம்மா மூன்று நான்கு பேரைத் தாண்டி வந்து அவள் தோளைப் பிடித்துவிட்டாள்.

மேனேஜர் பெண்கள் பகுதிக்குள் வந்தார். நான் பின்னால் போனேன். அவர் எப்போதும் போலத் தாழ்ந்த குரலில், "சத்தம் வேண்டாம் அம்மா. வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்றார். தனபாக்கியம் யார் என்று அவருக்குத் தெரியாது; முதல் தடவை வந்தபோது அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நான் காதில் சொன்னேன். அவர் தனபாக்கியத்தின் பக்கம் திரும்பி, விசாரணை செய்கிறவர் போலக் கேட்டார்: "இதை யாரம்மா கட்டியது?"

"நீங்கதாங்க."

"என்ன?"

"நீங்கதாங்க கட்னீங்க. நான் வெறுங்கயுத்தாதான் வந்தேன். வுடல. செத்தவன் செத்துட்டான்னு எயுதி வாங்கியாரச் சொன்னீங்க. கயிறு நான் வாங்கிகினேன், முடியும் நானே போட்டுகினேன். ஆனா கட்னது நீங்கதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வேற்று ஆணைப் பார்த்து, நாலு பேர் நடுவில், எந்தப் பெண்ணும் சொல்லத் துணியாத சொல் அது. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கோவிந்தம்மாவின் கை இன்னும் தோளில் இருந்தது. "படம் பாக்க இம்மாம் ஆசையா உனுக்கு?" என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"ஆசை இல்லக்கா. உன் தம்பிக்கு வந்தது காய்ச்சல் இல்லன்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். அது இந்தக் கொயந்தைக்கும் கீதான்னு தெரிஞ்சாவணும். வூட்ல கேட்டா வாய மூடுன்றீங்க. இங்க வந்தா கயுத்த தொறன்றாங்க. நான் எங்க போயி கேக்கறது?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "ஓட்டச் சொல்லும்" என்றார்.

விளக்கு அணைந்தது. கோவிந்தம்மா தன் இடத்துக்குத் திரும்பவில்லை. தனபாக்கியத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் இடைவெளி விட்டு, தரையில் உட்கார்ந்தாள். பிரசவம் வந்தது. குழந்தை வந்தது. திரையில் ஒரு நர்ஸ் அந்தக் குழந்தையின் இமைகளை விரல்களால் பிரித்து வெளிச்சத்தில் காட்டினாள். எங்கள் விளக்கக் குரல், நான் பல தடவை கேட்ட அதே நிதானத்தில், நோய் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகிறது என்றது. மற்ற நாட்களில் அந்த இடத்தில் ஆண்கள் பக்கம் ஏதாவது கேலி வரும். அன்று எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் காட்சிக்கு நான் அனுப்பிய அறிக்கையில், 'பார்வையாளர்கள் அமைதியாக இருந்தனர்' என்று எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதும் பயிற்சி அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

படம் விட்டதும் கோவிந்தம்மா வேகமாக நடந்து போய்விட்டாள். தனபாக்கியம் பெண்கள் வாசலில், கன்னியம்மாவின் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டாள்:

"அந்த ஆஸ்பத்திரி எங்கங்க கீது?"

"படத்துல வர்றது வெளிநாடும்மா. ஆனா அதே ஊசி இப்ப பட்டணத்துலயும் போடறாங்க. ரயிலை விட்டு இறங்கி, பெரிய ஆஸ்பத்திரின்னு கேட்டா யாரும் காட்டுவாங்க."

"போனா இன்னா கேப்பாங்க?"

"பேரு, ஊரு. புருஷன் பேரு, அவருக்கு என்ன சீக்குன்னு."

"அப்புறம்?"

"வயசு கேப்பாங்க."

"அத கேட்டா சொல்லிடுவேன்" என்றாள். "இருவத்திரெண்டு."

கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். முதல் நாளுக்குப் பிறகு அந்த வாசலில் யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. அவளைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் விஷயம் முடிந்திருக்கும்.

குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் வேறு படத்துடன் போனபோது கன்னியம்மா சொன்னாள். தாய்க்கும் குழந்தைக்கும் ஊசி போட்டார்கள். இருவரும் பிழைத்தார்கள். குழந்தைக்கு ஒரு கண் தெளிந்துவிட்டது. இன்னொன்றில் புகை படர்ந்தது படர்ந்தபடி நின்றுவிட்டது. இன்னும் சீக்கிரமாக வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். நாங்கள் கடத்திய நாட்களுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

படம் முடிந்த மறுநாள் காலை பெட்டியைச் சென்னை ரயிலில் ஏற்ற வேண்டும். கொட்டகை ஆட்கள் அந்தப் பலகையையும் பெட்டியோடு வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள், அடுத்த ஊருக்கு உதவும் என்று. மேனேஜர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.  அடுத்த ஊரில் மறுபடி வயதைத்தான் கேட்டோம். பொய் சொன்னார்கள், உள்ளே விட்டோம். சட்டத்தில் ஏ வந்த பிறகும் என் காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. என்னைக் கேட்ட இளைஞருக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டி ஜன்னலில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரப் பழக்கத்தில் என் கண் முதலில் அவள் கழுத்துக்குத்தான் போனது. கயிறு இல்லை. பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வேறு பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அவளுக்கு எதிர் இருக்கையில் இருந்தவளைக் கவனித்தேன். கோவிந்தம்மா. குழந்தை அவள் மடியில், வெயில் படாமல் முந்தானையால் முகம் மறைக்கப்பட்டு, தூங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜரும் அவர்களைப் பார்த்துவிட்டார். நாங்கள் ஏற வேண்டிய பெட்டி முன்னால் இருந்தது. அவர் அங்கே ஏறவில்லை. பிளாட்பாரத்தில் நடந்து வந்து அந்த ஜன்னலுக்கு நேரே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். எதையோ சொல்ல வாயைத் திறந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கார்டு விசில் ஊதும் வரை அவருக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை.

கோவிந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் யார் என்று தெரியாதவள் போல, சாதாரணமாகச் சொன்னாள்:

"கொஞ்சம் நவுந்து நில்லுங்க. கொயந்தைக்கு காத்து வர்ல."

அவர் நகர்ந்து நின்றார்.